ஒரே கார், மூன்று கொட்டேஷன்

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் மூன்று தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றும் ஒரே மின்சாரக் காருக்கானவை. கம்பெனி ஒன்று, மாடல் ஒன்று, வேரியன்ட் ஒன்று, நிறம்கூட ஒன்றுதான். முதல் வரியிலும் மூன்று தாளுக்கும் வித்தியாசம் இல்லை: எக்ஸ்ஷோரூம் விலை 14,49,000 ரூபாய். கடைசி வரியில் ஒன்று 15,36,390 என்றது, இன்னொன்று 14,96,290, மூன்றாவது 14,28,590. மேலுக்கும் கீழுக்கும் இடையே 1,07,800 ரூபாய்.

நான் பொள்ளாச்சியில் ஒரு தென்னைநார் ஆலையில் 22 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். இரண்டு பில்லில் ஒரே சரக்குக்கு இரண்டு தொகை இருந்தால் காரணம் தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது. அந்த மூன்று தாளையும் வரி வரியாகப் பிரித்துப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். 2025 அக்டோபர் மாதத்துக் கணக்கு இது. விலைகள் மாறும், கணக்குப் போடும் முறை மாறாது.

முதலில், மின்சாரக் கார் எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் மாமியாருக்கு வாரம் மூன்று நாள் கோயம்புத்தூரில் டயாலிசிஸ். போக 42 கிலோமீட்டர், வர 42. ஒரு மாதத்துக்கு அதற்கே 1,090 கிலோமீட்டர் ஆகிறது. தோட்டத்துக்குப் போவது, மற்ற அலைச்சல் எல்லாம் சேர்த்து 1,650. எங்கள் பழைய பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 15 கொடுக்கும். லிட்டர் 101, 102 ரூபாய் விற்கும் ஊரில் கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 80 காசு. மாதம் 11,000 ரூபாய் பெட்ரோல் பங்கிலேயே போய்விடும். கொஞ்சமாக ஓட்டுகிறவர்களுக்கு மின்சாரக் கார் தேவையா என்று வாதம் செய்யலாம். எங்களுக்கு அந்த வாதம் இல்லை. எங்கே வாங்குவது, எப்படி வாங்குவது என்பதுதான் கேள்வி.

முதல் கடை கோயம்புத்தூரில். பெரிய கண்ணாடிக் கட்டடம், உள்ளே போனதும் காபி. "உங்களுக்காக 70,000 டிஸ்கவுண்ட் வாங்கித் தர்றேங்க மேடம், தீபாவளி ஆஃபர்" என்றார் விற்பனையாளர். என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. தாளை வாங்கிப் பார்த்தேன். இன்சூரன்ஸ் 71,400. ரிஜிஸ்ட்ரேஷன் 16,500. டிசிஎஸ் 14,490. அக்சசரீஸ் கிட் 24,900. எக்ஸ்டெண்டட் வாரண்டி 21,000. ஃபாஸ்டேக் 600. ஹேண்ட்லிங் அண்ட் லாஜிஸ்டிக்ஸ் 8,500. இதையெல்லாம் எக்ஸ்ஷோரூம் விலையோடு கூட்டி, அதிலிருந்து 70,000 கழித்திருந்தார்கள். இரண்டாவது கடையும் கோயம்புத்தூர்தான், அளவில் சின்னது. தள்ளுபடி 35,000 மட்டும். ஆனால் அங்கே கிட் இல்லை, வாரண்டி இல்லை, ஹேண்ட்லிங் இல்லை. இன்சூரன்ஸ் 58,200, ரிஜிஸ்ட்ரேஷன் 9,000. பாதித் தள்ளுபடி கொடுத்த கடையில் மொத்தம் 40,100 ரூபாய் குறைவு.

ஒவ்வொரு வரியாக எடுத்துக்கொள்வோம். எக்ஸ்ஷோரூம் விலை என்பது கம்பெனி வைக்கும் விலை. மின்சாரக் காருக்கான 5 சதவீத ஜிஎஸ்டி அதற்குள்ளேயே அடக்கம். 2019 ஆகஸ்டில் 12 சதவீதத்திலிருந்து குறைத்த வரி அது. வண்டியை லாரியில் ஏற்றி ஷோரூம் வரை கொண்டுவந்து இறக்கும் செலவும் அந்த விலையைச் சேர்ந்தது. ஆகையால் 'ஹேண்ட்லிங்' என்று தனியாக 8,500 போட்டால் அது எதற்கு என்று கேட்க வேண்டும். கேட்டேன். "எல்லாக் கடையிலும் வாங்குவாங்க மேடம்" என்றார். இரண்டாவது கடையின் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அந்த வரி அதில் இல்லை.

ரிஜிஸ்ட்ரேஷன் வரியைப் பார்த்துத்தான் எனக்கு உண்மையில் கோபம் வந்தது. பெட்ரோல் கார் வாங்கும்போது இங்கே பெரிய தொகை சாலை வரியாகப் போகும். மின்சார வண்டிக்குத் தமிழ்நாடு அரசு அந்த வரியில் நூறு சதவீத விலக்கு கொடுத்திருந்தது. நான் வாங்கியபோது 2025 டிசம்பர் 31 வரை அது நடப்பில் இருந்தது. நீங்கள் வாங்கும் நாளில் எந்த அரசாணை நடப்பில் இருக்கிறது என்று ஆர்டிஓ அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அதோடு, பேட்டரி வண்டிகளுக்குப் பதிவுச் சான்று கொடுப்பதற்கான கட்டணமே வேண்டாம் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஆகஸ்டில் அறிவித்தது. உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட்டின் விலையும் 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த புது வண்டிகளில் கார் விலையோடு சேர்ந்தது. பாக்கி என்ன இருக்கிறது? கடன் வாங்கினால் ஹைப்பாதிகேஷன் பதிவு, இன்னும் சில சின்னக் கட்டணங்கள். அதற்கு ஒருவர் 16,500, ஒருவர் 9,000, மூன்றாமவர் 12,000. அரசாங்கம் மக்களுக்கு விட்டுக்கொடுத்த பணத்தை இடையில் நிற்கிறவர் எடுத்துக்கொள்வது எந்த வகையிலும் சரியில்லை. இரண்டாவது கடை மேனேஜரிடம், "ஆர்டிஓவுக்குக் கட்டுற தொகைக்கு ரசீது குடுங்க, அது எவ்வளவோ அதைக் குடுத்துடறேன்" என்றேன். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். ரசீதோடு 3,000 ரூபாயில் முடிந்தது.

டிசிஎஸ் என்ற வரியைப் பார்த்துப் பலர் பயந்துவிடுகிறார்கள். 10 லட்சத்துக்கு மேல் விலையுள்ள காருக்கு ஒரு சதவீதம் வாங்குவார்கள். அது உங்கள் பான் எண்ணில் வரவு வைக்கப்படும் வருமான வரிதான். கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், வரி கட்ட வேண்டியது இல்லாவிட்டால் திரும்ப வாங்கலாம். பான் எண்ணைச் சரியாகக் கொடுத்திருக்கிறோமா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி இன்சூரன்ஸ். கடைக்காரருக்கு நல்ல வருமானம் கொடுக்கிற வரி இது. புதுக் காருக்கு மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அதன் தொகையை அரசாங்கமே நிர்ணயிக்கிறது. மின்சார வண்டிக்கு அதில் 15 சதவீதம் குறைத்து வைத்திருக்கிறார்கள். 65 கிலோவாட்டுக்கு மேல் மோட்டார் சக்தி உள்ள காருக்கு மூன்று வருடத்துக்கு 20,907 ரூபாய், மேலே 18 சதவீத ஜிஎஸ்டி. எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் இதில் ஒரு ரூபாய் மாறாது. மாறுவதெல்லாம் சொந்தச் சேதத்துக்கான ஒரு வருடக் காப்பீடும் அதனோடு ஒட்டவைக்கும் கூடுதல் பாதுகாப்புகளும்தான். அதனால் இரண்டு பாலிசியை ஒப்பிடும்போது மொத்தத்தை மட்டும் பார்த்தால் போதாது. ஐடிவி, அதாவது காப்பீட்டுக்காகக் காருக்கு வைக்கும் மதிப்பு, எவ்வளவு என்று பாருங்கள். புது வண்டிக்கு அது எக்ஸ்ஷோரூமில் 95 சதவீதம், எங்கள் காருக்கு 13,76,550. ஜீரோ டெப்ரிசியேஷன் இருக்கிறதா, பேட்டரிக்குள் தண்ணீர் போனால் கொடுப்பார்களா, வீட்டுச் சார்ஜர் சேருமா என்று பாருங்கள். மின்சாரக் காரில் இந்தப் பேட்டரிப் பாதுகாப்பை நான் கண்டிப்பாக எடுக்கச் சொல்வேன். மழையில் ரோடு ஆறாக ஓடும் ஊர்களில் இருக்கிறோம்.

இதே ஐடிவி, இதே பாதுகாப்புகளோடு வெளியில் நானே கேட்டேன். 46,800 ரூபாய். முதல் கடை எழுதியிருந்தது 71,400. "இங்கே எடுத்தாதாங்க கேஷ்லெஸ் கிடைக்கும்" என்றார் அந்த விற்பனையாளர். கேஷ்லெஸ் என்பது காப்பீட்டுக் கம்பெனிக்கும் ஒர்க் ஷாப்புக்கும் இடையே இருக்கும் ஏற்பாடு. நான் எடுத்த கம்பெனியின் பட்டியலில் அதே ஒர்க் ஷாப் இருந்தது. காப்பீட்டை எங்கே எடுப்பது என்பது வாங்குகிறவரின் உரிமை. டீலரிடம்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்காணையமான ஐஆர்டிஏஐயின் நிலை.

அக்சசரீஸ் கிட்டில் தரைவிரிப்பு, மட்ஃப்ளாப், சீட் கவர், ஒரு வாசனைப் புட்டி இருந்தன. வேண்டாம் என்றேன். எக்ஸ்டெண்டட் வாரண்டியை எழுதியவர், "பேட்டரிக்குச் சேர்த்துத்தாங்க" என்றார். விதிமுறைத் தாளை வாங்கிப் படித்தேன். பேட்டரி அதில் இல்லை. பேட்டரிக்குக் கம்பெனி தனியாக வாரண்டி கொடுக்கிறது. பெரும்பாலான கார்களுக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது. இப்போது சில கம்பெனிகள் இதை நீட்டுகின்றன. டாடா, நெக்ஸான் 45 கிலோவாட் அவர் மாடலுக்கும் கர்வ் மின்சாரக் காருக்கும் 2025இல் 15 வருடம் என்று அறிவித்தது. ஆனால் முதல் உரிமையாளருக்கு மட்டும். மூன்று வருடத்தில் விற்றுவிடும் பழக்கம் உள்ளவர்கள் அந்த 'முதல் உரிமையாளர்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். இரண்டாவதாக வாங்குகிறவருக்கு என்ன கிடைக்கும் என்பதுதான் உங்கள் வண்டியின் மறுவிலையைத் தீர்மானிக்கும்.

மூன்றாவது தாள் திருப்பூரிலிருந்து வந்தது. தள்ளுபடி 1,10,000. மொத்தம் 14,28,590. இதைப் பார்த்ததும் வீட்டில் எல்லோரும், "இன்னும் என்ன யோசனை?" என்றார்கள். எனக்கு ஒரு லட்சத்து பத்தாயிரம் உறுத்தியது. போனில் கூப்பிட்டு, எங்களுக்கு ஒதுக்கும் வண்டியின் சேசிஸ் நம்பர் வேண்டும் என்றேன். "புக் பண்ணினப்புறம் தர்றோங்க" என்றார்கள். நேரில் போய் உட்கார்ந்த பிறகுதான் கிடைத்தது. 17 எழுத்தும் எண்ணும் சேர்ந்த அந்த நம்பரிலேயே வண்டி எந்த வருடம், எந்த மாதம் தயாரானது என்ற குறிப்பு இருக்கும். எந்த இடத்தில் எந்த எழுத்து என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அது ஜனவரியில் தயாரான வண்டி. பத்து மாதம் யார்டில் நின்றிருக்கிறது.

பழைய ஸ்டாக் என்றாலே ஓட வேண்டியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மின்சாரக் கார் மாதக்கணக்கில் நிற்கும்போது பெரிய பேட்டரியை முழுக்க நிரப்பியோ, அடியோடு வற்றவிட்டோ வைத்திருந்தால்தான் அதற்குக் கேடு. பாதிச் சார்ஜில் பராமரித்திருந்தால் பயப்பட அதிகம் இல்லை. பேட்டரியின் ஆரோக்கியம் எத்தனை சதவீதம் என்று சர்வீஸ் கருவியில் எடுத்துக் காட்டச் சொல்லலாம். சின்ன 12 வோல்ட் பேட்டரியை மாற்றித் தரச் சொல்லலாம். டயர் ஒரே இடத்தில் அழுந்தி நின்றிருக்கிறதா என்று தடவிப் பார்க்கலாம். வாரண்டி பில் போடும் நாளிலிருந்து தொடங்குகிறதா என்று எழுதி வாங்கலாம். பத்து வருடம் ஓட்டப் போகிறவருக்குப் பெரிய தள்ளுபடியில் கிடைக்கும் பழைய ஸ்டாக் லாபம்தான். ஆனால் தயாரான மாதமும் வருடமும் ஆர்சி புத்தகத்தில் அச்சாகும், விற்கும் நாளில் எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள். இதையெல்லாம் கடைக்காரர் முதலிலேயே வாய் திறந்து சொல்லியிருந்தால் நான் அவரை மதித்திருப்பேன்.

பழைய வண்டியின் விலையைச் சேர்த்ததும் படம் இன்னும் மாறியது. முதல் கடை 1,95,000 மதிப்பும் 30,000 எக்ஸ்சேஞ்ச் போனஸும் கொடுத்தது. இரண்டாவது கடை 2,10,000 மதிப்பு, 20,000 போனஸ். திருப்பூரில் போனஸே இல்லை, 1,80,000 மட்டும். போனஸ் பெரிதாக இருந்த முதல் கடையில் வண்டியின் மதிப்பைக் குறைத்துவிட்டார்கள். கூட்டினால் 2,25,000. இரண்டாவது கடையில் 2,30,000. கையிலிருந்து போகும் நிகரத் தொகை முதல் கடையில் 13,11,390, இரண்டாவதில் 12,66,290, திருப்பூரில் 12,48,590.

இரண்டாவது கடையில் இன்சூரன்ஸை வெளியில் எடுத்துக்கொள்கிறேன் என்றதும் 11,400 குறைந்தது. ரிஜிஸ்ட்ரேஷனில் 6,000 குறைந்தது. அங்கே நிகரம் 12,48,890. திருப்பூரில் அப்படிக் கேட்டபோது, இன்சூரன்ஸ் அங்கே எடுத்தால்தான் அந்தத் தள்ளுபடி என்று முடித்துவிட்டார்கள். ஆக, இரண்டாவது கடை ஒதுக்கிய, போன மாதம் தயாரான புது வண்டிக்கும் பத்து மாதம் நின்ற வண்டிக்கும் இடையே இருந்த வித்தியாசம் 300 ரூபாய். தள்ளுபடித் தொகையை மட்டும் பார்த்திருந்தால் 35,000க்கும் 1,10,000க்கும் நடுவே நின்று தவறாக முடிவு செய்திருப்போம். பழைய வண்டியைக் கொடுக்கும்போது பெயர் மாற்றத்துக்கான 29, 30 எண் படிவங்களில் கையெழுத்துப் போட்டு, பெயர் மாறிய பிறகு அதன் நகலையும் கேட்டு வாங்கினேன். அந்த வண்டி நாளை எங்காவது மோதினால் நம் வீட்டுக்கு நோட்டீஸ் வரக் கூடாது.

கடனைப் பற்றிப் பேச ஆரம்பித்தபோது முதல் கடையில் கேட்ட கேள்வி, "மாசம் எவ்வளவு கட்ட முடியும்னு சொல்லுங்க மேடம், அதுக்குத் தகுந்த மாதிரி பண்ணிடலாம்." இதற்குப் பதில் சொல்லவே சொல்லாதீர்கள். மாதத் தவணையைச் சொல்லிவிட்டால் வருடத்தை நீட்டி அந்தத் தொகைக்குள் எதை வேண்டுமானாலும் அடக்கிவிடலாம். எங்களுக்கு 9 லட்சம் கடன் தேவைப்பட்டது. 8.5 சதவீதத்தில் 5 வருடத்துக்கு மாதம் 18,465. அதே வட்டியில் 7 வருடம் என்றால் 14,253 ஆகக் குறைகிறது, கேட்க இதமாக இருக்கிறது. ஆனால் மொத்தம் 89,000 ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கட்ட வேண்டும்.

இன்னொன்றும் சொன்னார்: "எங்க ஃபைனான்ஸ்ல 5.5 சதவீதம்தாங்க, எந்த பேங்க்லயும் கிடைக்காது." ஃப்ளாட்டா, ரெட்யூசிங்கா என்று கேட்டேன். ஃப்ளாட். ஃப்ளாட் வட்டியில் அசல் குறையக் குறைய வட்டி குறையாது. முதல் நாள் வாங்கிய 9 லட்சத்துக்கே கடைசி மாதம் வரை வட்டி ஓடும். 9 லட்சத்துக்கு 5.5 சதவீதம் ஃப்ளாட், 5 வருடம் என்றால் மாதம் 19,125. அதைக் குறையும் அசல் கணக்குக்கு மாற்றினால் ஏறக்குறைய 10 சதவீதம். 8.5 சதவீதம் கேட்ட எங்கள் வங்கியைவிட மாதம் 660 அதிகம், ஐந்து வருடத்தில் 39,600. வங்கியில் கடனை முன்கூட்டியே பேசி, சேங்ஷன் கடிதத்தோடு ஷோரூமுக்குப் போவது நல்லது.

வரிச் சலுகையையும் இழுத்தார்கள். கடன் வட்டியில் 1,50,000 ரூபாய் வரை வருமான வரி விலக்கு உண்டு என்றார் ஒருவர். 80இஇபி பிரிவில் அப்படி ஒரு சலுகை இருந்தது உண்மை. 2019 ஏப்ரல் முதல் 2023 மார்ச் 31 வரை சேங்ஷன் ஆன கடன்களுக்கு மட்டும். புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு அது கிடையாது. இன்னொரு கடையில் பெட்ரோல் காரையும் மின்சாரக் காரையும் ஒப்பிட்டு ஒரு பளபளப்பான அட்டை காட்டினார்கள். அதிலிருந்த பெட்ரோல் கார் விலை 2025 செப்டம்பர் 22க்கு முந்தையது. அன்றைக்குச் சின்னப் பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது. மின்சாரக் காருக்கு 5 சதவீதம் அப்படியே இருந்தது. இரண்டுக்கும் இருந்த விலை இடைவெளி மாறிவிட்டது, அட்டை மாறவில்லை.

"கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்தாங்க ஆகும்" என்பது மூன்று கடையிலும் கேட்ட வாக்கியம். டெஸ்ட் டிரைவ் வண்டியைக் கேட்டு வாங்கி, ஏசி போட்டு, மாமியாரையும் உட்காரவைத்து, கிணத்துக்கடவு வழியாக ஆஸ்பத்திரிக்கே போய் வந்தோம். 84 கிலோமீட்டருக்கு 45 கிலோவாட் அவர் பேட்டரியில் 27 சதவீதம் இறங்கியது. சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால் ஈபி மீட்டரில் ஓடும் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 6.2 கிலோமீட்டர். இரண்டு மாதத்துக்கு எங்களுக்கு 530 யூனிட் வேண்டும். வீட்டில் ஏற்கெனவே 340 யூனிட் ஓடுகிறது. தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணப் படியே மாறிவிடும், 1,000 யூனிட்டைத் தாண்டிய ஒவ்வொரு யூனிட்டும் 11 ரூபாய்க்கு மேல். வீட்டு யூனிட்டின் மேல் கார் யூனிட்டை அடுக்கினால் காருக்கு மட்டும் சராசரியாக யூனிட் 9 ரூபாய் வருகிறது. கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 45 காசு. பொது இடங்களில் வேகச் சார்ஜர் போட்டால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒரு ரூபாய் என்று சொன்னது சரியில்லை. ஆனாலும் பெட்ரோலுக்குக் கொடுத்த 6 ரூபாய் 80 காசோடு வைத்துப் பார்த்தால் மாதம் 8,800 ரூபாய் மிச்சம். உண்மையான கணக்கே இவ்வளவு நன்றாக இருக்கும்போது கூட்டிச் சொல்ல வேண்டிய அவசியம் என்ன என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

வீட்டுச் சார்ஜர் 'இலவசம்' என்று எழுதியிருந்தால் எத்தனை மீட்டர் கேபிள் வரை இலவசம் என்று கேளுங்கள். எங்கள் வீட்டு மீட்டர் பெட்டியிலிருந்து கார் கொட்டகை 28 மீட்டர். மிச்சக் கேபிள், தனி எர்த்திங், ஈபியில் லோடு உயர்த்துவது எல்லாம் நம் செலவு. 7 கிலோவாட் சார்ஜர் போட்டால் வீட்டின் அனுமதிக்கப்பட்ட லோடு தாங்குமா என்று எலக்ட்ரீஷியனை அழைத்துப் பார்த்துவிட்டுத்தான் புக் செய்ய வேண்டும்.

நாங்கள் முடிவெடுக்கிற நேரத்தில் உடுமலையிலிருந்து என் கொழுந்தனார் போன் செய்தார். "அண்ணி, பேட்டரிய வாடகைக்கு எடுத்தா கார் விலையில மூணரை லட்சம் குறையுதாமே, நானும் எடுக்கலாம்னு இருக்கேன்" என்றார். கேட்க நல்ல யோசனையாகத்தான் இருந்தது. எம்ஜி கம்பெனி 2024 செப்டம்பரில் வின்ட்சர் காரை அறிமுகம் செய்தபோது இந்த முறையைப் பெரிதாகக் கொண்டுவந்தது. அன்றைய அறிமுக விலை பேட்டரியோடு 13.50 லட்சத்தில் தொடங்கியது. பேட்டரியை வாடகைக்கு எடுத்தால் கார் 9.99 லட்சம், ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 3 ரூபாய் 50 காசு. வித்தியாசம் 3,51,000. அதை 3.50ஆல் வகுத்தால் ஏறக்குறைய ஒரு லட்சம் கிலோமீட்டர். அதற்குள் ஓட்டுகிறவர்களுக்கு வாடகை, அதைத் தாண்டி ஓட்டுகிறவர்களுக்குச் சொந்தம். வட்டியைச் சேர்க்காத முதல் கணக்கு இது.

எங்களுக்கு மாதம் 1,650 கிலோமீட்டர். வாடகை 5,775 வரும். அந்த 3,51,000 ரூபாயை 8.5 சதவீதத்தில் கடனாக வாங்கி 5 வருடத்தில் கட்டினால் மாதம் 7,201. முதல் ஐந்து வருடம் வாடகைக்காரருக்கு மாதம் 1,426 ரூபாய் லாபம். அதற்குப் பிறகு சொந்தக்காரருக்குத் தவணை நின்றுவிடும், வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். எட்டு வருடம், பத்து வருடம் வைத்திருக்கப் போகிற எங்கள் வீட்டுக்கு அது ஒத்துவராது. கொழுந்தனார் மாதம் 600 கிலோமீட்டர் கூட ஓட்டமாட்டார். அவருக்கு 2,100 ரூபாய் வாடகை, நல்ல விஷயம்தான். ஒரே ஒரு வரியைப் பார்க்கச் சொன்னேன்: குறைந்தபட்சக் கிலோமீட்டர். கடன் கொடுக்கும் நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் மாதம் 1,500 கிலோமீட்டருக்குக் குறையாமல் கணக்கிடுவோம் என்று இருந்தால், ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் 5,250 கட்ட வேண்டும். 600 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்குக் கிலோமீட்டர் 8 ரூபாய் 75 காசு. பெட்ரோலைவிட அதிகம், அதுவும் மின்சாரச் செலவைச் சேர்க்காமல். கார் ஒரு ஒப்பந்தம், பேட்டரி இன்னொரு ஒப்பந்தம் என்பதையும் அவருக்குச் சொன்னேன். நடுவில் வண்டியை விற்க நினைத்தால் இரண்டையும் முடிக்க வேண்டும், அல்லது வாங்குகிறவர் பேட்டரி ஒப்பந்தத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். என்ன தொகை கட்டி வெளியே வரலாம் என்பது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். அவர் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார். அவசரப்படுத்தவில்லை.

நாங்கள் இரண்டாவது கடையில் வாங்கினோம். டெலிவரிக்கு முதல் நாள் போய் சேசிஸ் நம்பரைத் தாளோடு ஒத்துப் பார்த்தேன், சார்ஜரின் வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டேன். பணம் எல்லாம் கம்பெனிக் கணக்கிலேயே செலுத்தினோம். விற்பனையாளர் தம்பி தன் போன் நம்பரைக் காட்டி, "டோக்கன் அட்வான்ஸ் இதுல போட்டுடுங்க" என்றபோது மறுத்துவிட்டேன். அவர் முகம் சுருங்கியது. ஆனாலும் ரசீது இல்லாத பணம் கணக்கில் வராது.

அந்த மூன்று தாளையும் நான் வைத்திருக்கிறேன். கார் வாங்கப் போகிற யாராவது வந்து கேட்டால் எடுத்துக் காட்டுகிறேன். உங்களிடம் ஒரு வேண்டுகோள்: எந்தக் கடையாக இருந்தாலும் எக்ஸ்ஷோரூம் விலை, இன்சூரன்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன், டிசிஎஸ், தள்ளுபடி, பழைய வண்டியின் மதிப்பு, சார்ஜர் பொருத்தும் செலவு, வண்டி தயாரான மாதம் ஆகியவற்றைத் தனித்தனி வரியாக எழுதி, முத்திரை வைத்துத் தரச் சொல்லுங்கள். அப்படித் தராத கடையில் முன்பணம் கொடுக்காதீர்கள்.